இடித்துக் கட்டுவதா, இருப்பதை மாற்றுவதா?

பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுப்பினால் கட்டடக் கலைஞருக்கு முழுச் சுதந்திரம். தூண் எங்கே, லிஃப்ட் எந்தப் பக்கம், கூரை எவ்வளவு உயரம் என எல்லாம் அவர் முடிவு. அஸ்திவாரமே பழுது என்றால் வேறு வழியும் இல்லை.

ஆனால் உறுதியாக நிற்கும் கான்கிரீட்டை உடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்துதான் வருகிறது. இடித்தால் புதுக் கட்டடத்துக்கு மறுபடி சிமென்ட் வேண்டும்; அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பிரான்சின் போர்தோ நகரில் 1960களில் எழுந்த மூன்று குடியிருப்புக் கட்டடங்களைப் பாருங்கள். மொத்தம் 530 வீடுகள். ஆன் லகாத்தோன், ஜான் ஃபிலிப் வஸ்ஸால் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும் சக கலைஞர்களுடன் சேர்ந்து அவற்றை இடிக்காமல் விரிவாக்கினார்கள். சின்ன ஜன்னல்கள் போய்ப் பெரிய கண்ணாடிக் கதவுகள் வந்தன. அதற்கு வெளியே 3.8 மீட்டர் அகலத்தில் வெயில் நிறையும் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும். வேலை நடந்தபோதும் மக்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. எந்தப் புதுக் கட்டடமும் தர முடியாத வசதி இது! 2021இல் இந்த இருவருக்கும் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

மாற்றியமைப்பதிலும் சிக்கல் உண்டு. தாழ்ந்த கூரையை உயர்த்த முடியாது, சுவருக்குள் துருப்பிடித்த குழாய்கள் செலவை ஏற்றும். அப்படியிருந்தும், கட்டமைப்பு தாங்கும் என்று பொறியாளர் சொன்னால் என் ஓட்டு மாற்றியமைப்பதற்கே.