வண்டிக்கு அடியில் மூன்று வருடம்: சத்தங்களைத் துரத்திய கதை

வண்டி 2021 கடைசியில் வாங்கியது, பழைய வண்டிதான். டீசல், ஃபோர் வீல் டிரைவ், நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். மாடல் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற கோளாறுகளில் பாதி எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் செய்தது, மீதியில் சில நானே செய்தது. ஓட்டம் பெரும்பாலும் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி ஏலத்தோட்டம் வரை. தார் முடிந்தபின் கடைசி ஆறு கிலோமீட்டர் வெறும் கல்லும் வேரும். இதுவரை 41,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. மைலேஜ், இழுவை பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அடியிலிருந்து வந்த சத்தங்களைப் பற்றி மட்டும்.

முதல் சத்தம் என்னைப் பைத்தியமாக அடித்தது. மலை ஏறும்போது சீட்டுக்குப் பின்னால் 'கிளிங்' என்று ஒரு தடவை கேட்கும், அப்புறம் அமைதி. இறங்கும்போது அதே 'கிளிங்' முன் பம்பர் பக்கம். சமவெளியில், தேனி ரோட்டில், ஒன்றுமே கேட்காது. ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ் என்று சந்தேகப்பட்டு நாலையும் மாற்றினேன். மாற்றச் சொன்னது நான்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. சத்தம் போகவில்லை. மூன்று மாதம் கழித்துப் பட்டறை அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஏறும்போது பின்னாடி, எறங்கும்போது முன்னாடியா? அப்ப எதோ உருளுது. ஆடுறது எடம் மாறாது."

சேசிஸ் சட்டம் பெட்டி வடிவம், உள்ளே வெற்றிடம். ஒரு கம்பியின் நுனியில் காந்தத்தைக் கட்டி, பக்கத்து ஓட்டை வழியாக விட்டுத் துழாவினார். வந்தது ஒரு நட்டு, பற்றவைப்பு பிய்ந்த தடத்தோடு. என்ஜினுக்குக் கீழே கல் படாமலிருக்க மாட்டும் இரும்புத் தகட்டில் ஒரு போல்ட் இல்லாததை வாங்கிய அன்றே பார்த்திருந்தேன். யாரோ போல்ட்டைத் தொலைத்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். உண்மையில் சேசிஸுக்கு உள்ளே பற்றவைத்திருந்த நட்டுதான் பிய்ந்து, உள்ளேயே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது சத்தம் பெரிய சத்தம். 1,800 ஆர்பிஎம் தொட்டால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுவது மாதிரி அதிரும், 2,000 தாண்டினால் நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து மறைந்தால் ஏதோ மெல்லிய தகடு அந்த அதிர்வுக்கு ஒத்து ஆடுகிறது என்று அர்த்தம். சைலன்ஸர் குழாய்க்கு மேலிருந்த வெப்பத் தடுப்புத் தகட்டின் ஓட்டை துருவால் பெரிதாகி, போல்ட் தலையே அதன் வழியாக நழுவியிருந்தது. தகட்டையும் குழாயையும் சேர்த்து ஒரு நீள ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன். இரண்டு வருடமாகச் சத்தமில்லை. வீட்டில் எல்லாரும் பயந்தது இந்தச் சத்தத்துக்குத்தான். இதனால் வண்டிக்கு ஒரு ஆபத்தும் கிடையாது.

ஆபத்தான சத்தத்தை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதித்தால் ஒரு 'டுக்'. மறுபடி கிளப்பும்போது இன்னொரு 'டுக்'. அவ்வளவுதான். ஜன்னலை இறக்கிவிட்டு, பாறையை வெட்டி ரோடு போட்டிருக்கும் இடத்தில் ஒட்டி ஓட்டினால்தான் காதில் விழும். அடியில் எழும் சத்தத்தைப் பாறை திருப்பித் தரும். சத்தம் தேடுகிறவர்கள் ஒரு நீளமான மதில் ஓரமாக இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள், இடமா வலமா என்பதாவது தெரிந்துவிடும்.

எனக்கு இடது பின்பக்கம். ஏலக்காய் மூட்டைக்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. பட்டை போட்ட இடத்தில் வேலை சுத்தம்தான். ஆனால் 500 கிலோமீட்டர் ஓடியபின் வந்து, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதுப் பட்டைக்கும் பழைய பட்டைக்கும் நடுவில் பெயின்ட், துரு எல்லாம் இருக்கும். பாரம் ஏறி இறங்க அது நசுங்கும். நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் பிடி தளரும்.

கீழே படுத்து டார்ச் அடித்தபோது நட்டைச் சுற்றிக் குங்குமம் சிந்தியது போலச் செந்தூள். பக்கத்தில், பட்டை உட்காரும் இடத்தில், பிறை நிலா வடிவில் பளபளவென்று தேய்ந்த இரும்பு. இந்த இரண்டையும்தான் இப்போது முதலில் தேடுகிறேன். இரும்பும் இரும்பும் நுணுக்கமாக உரசினால் அந்தச் செந்தூள் வரும். சேற்று வண்டியைக் கழுவிய கையோடு தேடினால் கிடைக்காது, கழுவி ஒரு வாரம் ஓட்டியபின் பார்க்க வேண்டும்.

ஸ்பேனர் போட்டால் எதிர்ப்பே இல்லாமல் முக்கால் சுற்று போனது. கழற்றினோம். பட்டைகளை ஆக்சிலோடு நேராக நிறுத்தும் சென்டர் போல்ட் பாதி அறுந்திருந்தது. பாரத்தைத் தாங்க வேண்டியது யூ போல்ட்டின் பிடி. அது தளர்ந்ததும் ஒல்லியான சென்டர் போல்ட் மேல் எல்லாம் விழுந்திருக்கிறது. அது முழுக்க அறுந்திருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடியிருக்கும். அதுவும் இறக்கத்தில். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

புது யூ போல்ட், புது சென்டர் போல்ட். சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை ஸ்பிரிங் மேல் இருக்கும்போது, குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, முறுக்கின் அளவு (டார்க்) காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கியது.

அப்புறம்தான் போல்ட் ஏன் தளர்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். மேலும் கீழும் ஆடுவதால் கழல்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் காட்டியது வேறு: இறுக்கிப் பிடித்த இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கினால்தான் நட்டு தானாகவே திரும்பிக் கழல்கிறது. வழுக்காத அளவு இறுக்கம் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. அவர் பெயரில் இருக்கும் அதிர்வுச் சோதனையில், நாம் எல்லா இடத்திலும் போடும் அந்த வெட்டுள்ள ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. அப்பா காலத்திலிருந்து நம்பிவந்த வாஷர். மனசு ஒப்பவில்லைதான், ஆனால் என் அனுபவமும் அதையே சொல்கிறது.

இன்னொன்று, நாம் ஸ்பேனரில் கொடுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் போகிறது. மீதியை உராய்வு தின்றுவிடும். அதனால் மரையில் ஆயில் தடவிவிட்டு, காய்ந்த மரைக்கான அளவு டார்க் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டுப்போகும். தலையில் பலத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் போட்டிருக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, வேறு அளவு சொல்லாத இடத்தில், 45 நியூட்டன் மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் திரும்பப் போடுவதில்லை. சைலன்ஸர் பக்கம் அதைப் போடவே மாட்டேன், சூட்டில் நைலான் தாங்காது.

நான்காவது, குருவிச் சத்தம். மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்', வேகம் கூடக் கூட வேகமாகும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலில் உருட்டினாலும் நிற்காது. கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள கிராஸ்தான் காரணம். மழைக்காலத்தில் ஓடையில் இறங்கி ஏறி உள்ளே கிரீஸ் செத்துவிட்டது. கிரீஸ் கன் வைத்து அடித்தால் நாலு கப்பிலிருந்தும் புது கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்தது, ஒன்றில் வரவில்லை, மாற்றினோம். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு பொருந்தாமல் மாட்டினால் புதுசாக ஒரு அதிர்வைக் கூலி கொடுத்து வாங்கியது போல ஆகும்.

ஐந்தாவது என் முட்டாள்தனம். சேற்றிலிருந்து வந்து ஃபோர் வீல் டிரைவை விலக்காமலே தார் ரோட்டு வளைவில் ஏறினேன். 'டமார்' என்று ஒரு சத்தம். முன், பின் ஆக்சில்களை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். வழுக்க இடமில்லாத தாரில் அந்த முறுக்கு ஏறிக்கொண்டே போய் எங்கோ விடுபடும். ஒன்றும் உடையவில்லை, அதிர்ஷ்டம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு பழைய பாயை விரித்துக் கீழே போகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பதில்லை. ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. என் வண்டி மாதிரி ஹேண்ட் பிரேக் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினாலே பிரேக் பிடிப்பு போய்விடும், வண்டி உருளும். முக்கியமான நட்டு ஒவ்வொன்றிலும் நட்டையும் தகட்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டிருக்கிறேன், வீட்டுக்காரம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷால். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. முப்பத்தெட்டுக் கோடு, டார்ச் அடித்துப் பார்க்கப் பத்து நிமிடம். இதைவிட மலிவான கருவி நான் வாங்கியதில்லை. "இது எந்தக் கல்யாணத்துக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு பாட்டிலை எனக்கே ஒதுக்கிவிட்டார்கள்.

போன மாதத்திலிருந்து வலது பின்பக்கம் ஒரு முனகல், பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினால் மட்டும். மழை பெய்தால் நின்றுவிடுகிறது. ஸ்பிரிங்கின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷில் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், அப்போதும் நின்றது. ரப்பர்தான். ஆயில் விட்டால் ரப்பர் உப்பிவிடும், அதனால் விடவில்லை. புது புஷ் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். அந்த ஷாக்கிளின் இரும்புப் பின் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, மூன்று நாளாக மசகு எண்ணெய் அடித்து ஊறப் போட்டிருக்கிறேன், ரப்பரில் படாமல்.