ப்ரோ வகுப்பில் முதல் சீசன்: சூட், கையுறை, சீட் எல்லாம் எப்படி உழைத்தன

டிராக் (drag) ரேஸ், அதாவது இரண்டு கார்கள் நேர்கோட்டில் போட்டியிடும் ரேஸ், அந்தக் காரைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டர்போ என்ன சைஸ், பூஸ்ட் எவ்வளவு, எந்த டயர் பிடிக்கும், எது வழுக்கும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த்தில் எந்த கராஜ் வாசலில் போய் நின்றாலும் கேட்காமலே சொல்வார்கள். ஆனால் அந்தக் காருக்குள் உட்காருகிற ஆள் உடம்பில் போட்டுக்கொள்கிற சாமான்களைப் பற்றி, அதுவும் ஒரு பெண் அதையெல்லாம் போட்டுக்கொண்டு ஒரு சீசன் முழுக்க ஓட்டினால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி, தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன். ஸ்பான்சர் யாரும் இல்லை, எல்லாம் சொந்தக் காசு, மிச்சம் அண்ணன் காசு.

வண்டி பழைய மாஸ்டா உடம்பு, உள்ளே 13பி ரோட்டரி இன்ஜின், பெரிய டர்போ ஒன்று, எரிபொருளுக்கு மெத்தனால், இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் கியர்பாக்ஸ். கால் மைலை, அதாவது 402 மீட்டரை, எட்டு செகண்ட் சொச்சத்தில் முடிக்கும். ப்ரோ வகுப்புக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் பிராக்கெட் வகுப்பில் ஓட்டினேன். பிராக்கெட்டில் உன் வண்டி எத்தனை செகண்டில் ஓடும் என்று நீயே முன்கூட்டிச் சொல்லிவிடலாம், மெதுவான வண்டியை முதலில் விடுவார்கள், மஞ்சள் விளக்குகள் அரை செகண்ட் இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கி வரும், மூச்சு விட நேரம் இருக்கும். ப்ரோ வகுப்பில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்ப வேண்டும், மூன்று மஞ்சளும் ஒரே சமயத்தில் மின்னும், 0.4 செகண்டில் பச்சை. பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் எதிராளி வண்டியை நிறுத்தப் பின்னால் விரிக்கும் பாராசூட்டைத்தான் பார்க்கலாம்.

முதலில் சூட், அதாவது தீ தாங்கும் ரேஸ் உடை. மெத்தனாலில் ஓட்டுகிறவர்கள் இதை அலட்சியமாக விடக்கூடாது, ஏனென்றால் மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்று சொல்லலாம். புகையும் பெரிதாக வராது. தோலில் சுடும்போதுதான் பற்றியது தெரியும். சூட்டின் இடது தோளிலோ கழுத்துப்பட்டையிலோ ரேஸ் சாமான்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் லேபிள் இருக்கும், அதில் 3.2ஏ என்று போட்டு ஒரு கோடு, பிறகு ஒரு எண். எண் 1 என்றால் நேரடித் தீயில் இரண்டாம் நிலைத் தீக்காயம் வர சுமார் 3 செகண்ட் ஆகும். 5 என்றால் சுமார் 10 செகண்ட், 15 என்றால் 30, 20 என்றால் 40. நான் 15 வாங்கினேன். இதைவிடக் குறைவாக வாங்கிக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்கிறவர்களிடம், சீட் பெல்ட், கழுத்தைக் காக்கத் தோளில் மாட்டும் ஹான்ஸ், ஜன்னல் வலை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 10 செகண்டில் வெளியே வந்து காட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

துணி நல்ல துணி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டுதான் பிரச்சினை. ஆண் உடம்புக்கு வெட்டியது. தோளில் இரண்டு பேர் நுழையலாம், இடுப்பில் பட்டன் தெறிக்கும். இது அழகுக்காகச் சொல்வது என்று நினைக்க வேண்டாம். இந்தச் சூட் காப்பாற்றுவது பாதி துணியால், பாதி அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றால். இடுப்பிலும் தொடையிலும் இறுகிப் பிடித்தால் அந்தக் காற்று போய்விடுகிறது, சூடு நேரே தோலுக்கு வரும். அதாவது லேபிளில் 30 செகண்ட் என்று இருந்தாலும் என் தொடைக்கு அந்த 30 கிடையாது. எங்கள் தெருவில் கல்யாண பிளவுஸ் தைக்கிற அக்கா ஒருவர் சூட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன கண்ணு, ஒரு மணி நேர வேலை” என்றார். அவர் கை சுத்தமான கை, ஆனாலும் கொடுக்கவில்லை. சாதாரண பாலியெஸ்டர் நூலில் தைத்தால் வெப்பத்தில் முதலில் உருகுவது அந்தத் தையல்தான், வெளியாள் கை வைத்த சூட்டை ரேஸுக்கு முந்தைய பாதுகாப்புச் சோதனையான ஸ்க்ரூட்டினியரிங்கில் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். கடைசியில் கால்சட்டையை மட்டும் அளவு கொடுத்துத் தயாரிப்பாளரிடமே தனியாகத் தைத்து வாங்கினேன். எங்கள் நாட்டுப் பணமான ராண்டின் மதிப்பு விழுந்திருந்த நேரம், சுங்கவரி வேறு. வலித்தது. ஆனால் மொத்தச் சீசனில் நான் செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான்.

இரண்டு துண்டு சூட்டா, ஒரே துண்டா என்று கேட்பார்கள். பெண்கள் யோசிக்கவே வேண்டாம், இரண்டு துண்டுதான். ஒரே துண்டுச் சூட்டோடு பிளாஸ்டிக் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்தால் ஏன் என்று புரியும். இன்னொன்று, போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸ்ஸி ரேஸ்வேயில் கடற்கரைப் புழுக்கம் எப்படி என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஓட்ட முறை வரும்வரை ஸ்டேஜிங் லேன் வரிசையில் காத்திருக்கும்போது ஜாக்கெட்டை மட்டும் கழற்றி வைக்க முடிவது பெரிய நிம்மதி.

துவைப்பது பற்றி ஒன்று. குளிர்ந்த தண்ணீர், மிதமான சோப்பு, சாஃப்ட்னர் கூடவே கூடாது, வெயிலில் காயப்போடவும் கூடாது, சூட்டில் இருக்கும் தீ தாங்கும் நோமெக்ஸ் இழையை வெயில் மெல்ல மெல்ல அரித்துவிடும். எங்கள் ஆயாவுக்கு இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நிழலில் காய்ந்த துணிக்கு வாடை போகாது என்பது அவருடைய சட்டம். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து முன்வாசல் வேலியில் கை இரண்டையும் விரித்துக் கிளிப் போட்டு மாட்டியிருந்தார், வாசலில் ஆள் நிற்கிறான் என்று பக்கத்து வீட்டு நாய் சாயங்காலம் வரை குரைத்துக்கொண்டே இருந்ததாம். இப்போது சூட் என் அலமாரியில், சாவி என்னிடம்.

சூட்டுக்கு உள்ளே என்ன போடுகிறோம் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, சங்கடமோ என்னவோ. நைலான், ஸ்பாண்டெக்ஸ் கலந்த ஸ்போர்ட்ஸ் பிரா வெப்பத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். சூட் தாங்கினாலும் உள்ளே இது உருகலாம். நோமெக்ஸில் செய்தது கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் சுத்தமான பருத்தி, கம்பி வைக்காதது. நான் நோமெக்ஸ் வாங்கினேன். சொரசொரவென்று இருக்கும், முதல் இரண்டு மூன்று தடவை அரிக்கும், அப்புறம் பழகிவிடும்.

முடி. எனக்கு இடுப்பு வரை முடி, வெட்டுகிற எண்ணம் இல்லை. ஒற்றைப் பின்னல் போட்டால் சரியாக ஹான்ஸ் உட்கார வேண்டிய இடத்தில் முண்டு மாதிரி நிற்கும், ஹெல்மெட்டும் முன்னால் தள்ளும். இரட்டைப் பின்னல் போட்டு, ஹெல்மெட்டுக்குள் போடும் தலைமூடியான பலாக்லவாவுக்குள் விட்டு, சூட்டுக்குள் முன்பக்கம் இறக்கிவிட்டால் தொந்தரவே இல்லை. ரேஸ் வாரத்தில் தேங்காய் எண்ணெய் தடவக்கூடாது. எண்ணெய் ஊறிய நோமெக்ஸ் தீயைத் தடுக்காது, எண்ணெய் எரியும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, “தலை காய்ஞ்சு போகட்டும், கார் மட்டும் நல்லா இருக்கட்டும்” என்றார்.

நகை எல்லாம் கழற்றத்தான் வேண்டும். 2022இல் மோட்டார் ரேஸ்களின் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. இதைக் கண்டிப்பாக்கியபோது ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஹாமில்டனின் மூக்குத்தி பெரிய பேச்சானது. நம் வீட்டில் பேச்சு மூக்குத்தியோடு நிற்குமா? தாலிச் சங்கிலியைக் கழற்றுவது மாமிக்குப் பிடிக்கவில்லை. உலோகம் வெப்பத்தை இழுத்துத் தோலில் வைக்கும், பெல்ட் அழுத்தத்தில் நெஞ்செலும்பில் பதியும், இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் முகம் மாறவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் வண்டிக்குள் இருக்கும்வரை தாலி அவருடைய கைப்பைக்குள், கைப்பை அவர் மடியில். இதனாலேயே ஒரு ரேஸும் விடாமல் வந்தார், இப்போது டயர் சூடு பற்றிக்கூட அபிப்பிராயம் சொல்கிறார்.

இனி கையுறை, ரேஸில் நேரடியாக என் கணக்கை மாற்றியது இதுதான். எங்கள் வண்டியில் டிரான்ஸ்பிரேக். ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கியர்பாக்ஸ் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து பூட்டிக்கொண்டு வண்டி அசையாது, விட்டால் பாயும். ஆக மொத்த ஸ்டார்ட்டும் கட்டைவிரல் நுனியில் இருக்கிறது. கடையில் இருந்த மிகச் சின்னக் கையுறையிலேயே என் கட்டைவிரலுக்கு மேல் அரை விரற்கடை துணி காலியாக நின்றது. அந்தக் காலித் துணி பட்டனுக்கும் அதன் விளிம்புக்கும் நடுவே மடிந்து மாட்டும், விரலைத் தூக்கிய பிறகும் பட்டன் ஒரு கணம் அழுந்தியே இருக்கும். ஓட்டம் முடிந்து தரும் டைம் ஸ்லிப் சீட்டில், விளக்குக்குக் கிளம்ப எடுத்த ரியாக்ஷன் நேரம் ஒரு தடவை நன்றாக வரும், அடுத்த தடவை காரணமே இல்லாமல் பத்தில் ஒரு செகண்ட் கூடும். “பொம்பளைப் புள்ளைக்கு டென்ஷன்” என்று பிட்டில் ஒருவர் வைத்தியம் சொன்னார். கடையில் முறையிட்டால், எல்லாருக்கும் இதே சைஸ்தான், கை பழகிவிடும் என்று பதில், திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. பெண்களுக்கான அளவில், தையல் வெளிப்பக்கம் வைத்த கையுறை வந்து சேர்ந்த அன்றிலிருந்து என் எண்கள் ஒரு வரிசைக்கு வந்தன. டென்ஷன் அப்படியேதான் இருக்கிறது.

சீட்டும் பெல்ட்டும். வண்டி முதலில் அண்ணன் அளவுக்குக் கட்டியது, அவன் ஆறடி, நான் ஐந்தடி சொச்சம். அவன் சீட்டில் நான் உட்கார்ந்தால் தோள் பெல்ட் என் தோளிலிருந்து பின்னால் மேல்நோக்கி ஏறிப் போனது. அது தப்பு. தோளிலிருந்து பின்னால் கிட்டத்தட்ட மட்டமாகவோ கொஞ்சம் இறங்கியோதான் போக வேண்டும், மேலே ஏறினால் இழுத்துக் கட்டினாலும் உடம்பைக் கீழே பிடிக்காது. தலையணை வைத்து உயர்த்திக்கொள் என்பார்கள், வைக்காதீர்கள். மோதலில் தலையணை அமுங்கும், பெல்ட் தளரும். ஃபோம் ஊற்றும் கிட் வாங்கி, சூட் ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையின் மேல் சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணி இரண்டு திரவத்தையும் கலந்து பின்னால் ஊற்ற ஊற்ற, அது புளித்த இட்லி மாவு மாதிரி பொங்கி முதுகுக்கும் விலாவுக்கும் இடையில் ஏறியது, கதகதவென்று சுடவும் செய்தது. பத்து நிமிஷம் அசையக்கூடாது, பெல்ட் போட்டு ஓட்டும் நிலையிலேயே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சீட்டில் என்னைத் தவிர யாரும் உட்கார முடியாது, அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். தோள் பெல்ட் கட்டும் குழாயையும் கீழே இறக்கி வெல்ட் செய்தோம்.

பெல்ட்டில் ஐந்து முனையை விட்டு ஆறு முனைக்குப் போங்கள். ஐந்தாவது பட்டை நடுவே ஒற்றையாக வருவது யாருக்குமே சுகமில்லை, ஆறில் அது இரண்டாகப் பிரிந்து தொடை வழியாக வரும், இடுப்புப் பெல்ட்டும் வயிற்றுக்கு ஏறாமல் எலும்பிலேயே நிற்கும். ஹான்ஸோடு போடும் இரண்டு அங்குலத் தோள் பட்டை மார்பின் மேல் நழுவாமல் உள்பக்கமாக உட்கார்கிறது, மூன்று அங்குலம் எனக்கு வெளியே வழுக்கிக்கொண்டே இருந்தது.

குழாயை இறக்கியபோதே பாராசூட் நெம்புகோலையும் நகர்த்தினோம். அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு லைசென்ஸ் கொடுக்கும்போது கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். அதை நாங்கள் கராஜிலேயே செய்து பார்த்தோம். கண்ணைக் கட்டி, பெல்ட்டை இறுக்கி, அண்ணன் ஏதாவது ஒரு பெயரைக் கத்துவான். எரிபொருள் சுவிட்ச், தீயணைப்பு, எல்லாம் கை போனது, பாராசூட்டுக்கு மட்டும் விரல் நுனி காற்றைத் தடவியது. பெல்ட் தளர்வாக இருந்தால் எட்டும், இறுக்கினால் எட்டாது. 150 மைல் வேகத்தைத் தாண்டி ஓடுகிற வண்டியில் இது விளையாட்டில்லை. ஒரு கைமுட்டி தூரம் முன்னால் கொண்டு வந்தோம், சரியாகிவிட்டது. பெண்ணோ ஆணோ, வேறொருவருக்குக் கட்டிய வண்டியில் ஏறுகிற யாரும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள், செலவே இல்லை.

ஹெல்மெட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. முத்திரை பாருங்கள், எம் என்றால் அது மோட்டார்சைக்கிளுக்கு, தீச் சோதனை கிடையாது. காலணிக்கு என் சைஸ் கிடைக்காததால் கோ-கார்ட் பூட் போதுமே என்று சிலர் சொன்னார்கள். போதாது, கார்ட்டிங் சாமான்கள் சிராய்ப்புக்குச் செய்தவை, தீக்கு இல்லை.

ரிசல்ட் கேட்பீர்கள். பெரும்பாலும் முதல் சுற்றோடு டிரெய்லரில் ஏற்றினோம், பிற்பாதியில் ஒரு அரையிறுதி. மேட்டுநிலத்தில் ஓட்டப் போனபோது, ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1,700 மீட்டர் உயரத்தில் காற்று கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு மெலிது, டர்போ சுழன்று எழும்ப நேரம் எடுத்தது, எங்கள் டர்பன் செட்டிங் அங்கே எடுபடவில்லை. பிக்-அப் வண்டியான பக்கியின் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு திரும்பும்போது யாரும் பேசவில்லை, வழியில் ஹாரிஸ்மித்தில் சாப்பிட பை (pie) வாங்கின பிறகுதான் அண்ணன் வாய் திறந்தான். இதற்கெல்லாம் மனம் உடைகிற ஆள் நான் இல்லை. அமெரிக்க டிராக் ரேஸ் பெண்களைப் பாருங்கள்: ஆஞ்செல் சாம்பி 1996இல் ப்ரோ ஸ்டாக் மோட்டார்சைக்கிள் வகுப்புக்கு வந்த வருஷமே ஜெயித்தார், சரி. ஆனால் எரிக்கா எண்டர்ஸ் 2005இல் ப்ரோ ஸ்டாக் கார் வகுப்புக்கு வந்து முதல் வெற்றிக்கு 2012 வரை காத்திருந்தார், அதற்கப்புறம் ஆறு சாம்பியன் பட்டம். ஷர்லி மல்டௌனி டாப் ஃபியூயல் வகுப்பில் மூன்று பட்டம் எடுத்துவிட்டு, 1984இல் கால் இரண்டும் நொறுங்கிய விபத்துக்குப் பிறகு 1986இல் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர்கள் காலத்தில் பெண் அளவில் கையுறை கிடைத்திருக்குமா என்றுதான் எனக்கு இப்போதெல்லாம் தோன்றுகிறது.

அடுத்த சீசனுக்கு மாற்ற வேண்டியது பெல்ட். எஸ்.எஃப்.ஐ. பெல்ட்டுக்கு ஆயுள் இரண்டு வருஷம், அதுவும் வாங்கிய நாளிலிருந்து இல்லை, தயாரித்த தேதியிலிருந்து. எனக்கு வந்ததில் கடை அலமாரியிலேயே கணிசமான காலம் ஓடிவிட்டிருந்தது, முழு விலைதான் வாங்கினார்கள். இந்தத் தடவை லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் பணம் என்று வேறொரு கடையில் சொல்லியிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.