அனகோண்டாவுக்கும் ஷஷாங்க்குக்கும் ஒரே மார்க்: ஈபர்ட்ட நம்பலாமா, கேல நம்பலாமா?

அனகோண்டா படத்துக்கு அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் குடுத்தது மூன்றரை ஸ்டார். தி ஷஷாங்க் ரிடம்ப்ஷனுக்கும் அதே மூன்றரை. மொத்தமே நாலு ஸ்டார்தான். இத மொத தடவ பாத்தப்ப மனுஷன் தூக்கத்துல மார்க் போட்டாரோன்னு நெனச்சேன், ஏன்னா அனகோண்டா நமக்கெல்லாம் தமிழ் டப்பிங்ல டிவில பாத்து பாதி பயந்து பாதி சிரிச்ச படம், ஷஷாங்க்கோ ஊர்ல இருக்குற பாதி பேரு வாழ்க்கைல பாத்ததுலயே பெஸ்ட்டுன்னு சத்தியம் பண்ற படம்.

அப்புறம் 2004ல ஷாவோலின் சாக்கருக்கு அவர் எழுதின விமர்சனத்த படிச்சப்ப தான் கணக்கு புரிஞ்சுச்சு. ஹெல்பாய் எப்படி இருக்குன்னு ஃப்ரெண்டு கேட்டா, மிஸ்டிக் ரிவரோட ஒப்பிட்டா எப்படின்னு கேக்கல, தி பனிஷரோட ஒப்பிட்டா எப்படின்னு தான் கேக்குறான், அதனால சூப்பர்மேன் நாலுன்னா ஹெல்பாய் மூணு, பனிஷர் ரெண்டு, இதான் அவர் சொன்ன விளக்கம். அதாவது பாம்பு படத்துக்கு பாம்பு படத்தோட தான் போட்டி. நம்மூர் பாஷைல சொன்னா, அஞ்சாங்கிளாஸ் பையனுக்கு அஞ்சாங்கிளாஸ் பேப்பர் தான் குடுக்கணும். நியாயமா தான் இருக்கு. ஆனா நம்ம யாரும் கிளாஸ் பாத்து மார்க் படிக்கறதில்ல, விகடன் 16 வயதினிலேவுக்கு போட்ட 62.5ஐ இன்னைக்கும் எல்லா படத்துக்கும் பொது அளவுகோல் மாதிரி தான பேசிட்டிருக்கோம்?

சரி, கிளாஸ் கணக்க ஒத்துக்கிட்டாலும் சில மார்க்குக்கு விளக்கமே கிடையாது. ஃபைட் கிளப் ரெண்டு, கிளாடியேட்டர் ரெண்டு, டை ஹார்ட் ரெண்டு, தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ் ஒன்றரை. டை ஹார்ட்ட ஆக்‌ஷன் படங்களோட தான ஒப்பிடணும், அதுல அதுக்கு மேல எது சார் இருக்கு? 1987ல ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டுக்கு இரண்டரை குடுத்து தன்னோட டிவி விமர்சன ஷோவுல கட்டைவிரல கீழ காட்டிட்டு, அதே ஷோவுல பென்ஜி தி ஹன்ட்டட்னு ஒரு நாய்க்குட்டி படத்துக்கு கட்டைவிரல் மேல. பக்கத்துல உக்காந்திருந்த சக விமர்சகர் ஜீன் சிஸ்கல் சும்மா விடல, டிவிலயே வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாரு.

இந்தப் பக்கம் இன்னொரு அமெரிக்க விமர்சகர் பாலின் கேல். 1968லருந்து 1991 வரைக்கும், நடுவுல கொஞ்ச நாள் ஹாலிவுட் வேலைக்கு போனத தவிர, தி நியூயார்க்கர் பத்திரிகைல எழுதினாங்க. ஸ்டாரும் இல்ல மார்க்கும் இல்ல, பக்கம் பக்கமா எழுத்து மட்டும். ஒரு படத்த ரெண்டாவது தடவ பாக்க மாட்டேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. மொத தடவ என்ன அடிச்சுச்சோ அதான் தீர்ப்பு, அப்பீல் கிடையாது. அவங்க வழில எழுதின இளவட்ட விமர்சகர்களுக்கு பாலெட்ஸ்னு கிண்டல் பேரே இருந்துச்சு, அந்தளவு செல்வாக்கு.

ரெண்டு பேரும் ஒண்ணா நின்ன இடம் பானி அண்ட் கிளைட், 1967. ஈபர்ட் சிகாகோ சன் டைம்ஸ் பேப்பர்ல சினிமா விமர்சகராகி அர வருஷம் கூட ஆகல, தூக்கி நாலு ஸ்டார் குடுத்தாரு, கேல் எழுதின நீளமான கட்டுரை தான் அவங்கள நியூயார்க்கர்ல நிரந்தரமா உக்கார வச்சுச்சு. அப்ப நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் அந்தப் படத்த கிழிச்சிருந்தாரு, இப்ப அவர் பேரு ஞாபகம் வர்றதே இதனால தான், பாவம்.

அதுக்கப்புறம் பல இடத்துல எலியும் பூனையும். 2001: எ ஸ்பேஸ் ஒடிசி வந்தப்பவே ஈபர்ட் நாலு ஸ்டார். கேலுக்கு அது கற்பனையே இல்லாத படம். ரேஜிங் புல்லும் அப்படித்தான், அவர் தலைல தூக்கி வச்சாரு, இவங்க ஒதுக்கி தள்ளினாங்க. ஷோவா ஒம்பது மணி நேரத்துக்கு மேல ஓடுற யூதப் படுகொலை ஆவணப்படம், இத மத்த படங்களோட வரிசைல வைக்கவே கூடாதுன்னாரு ஈபர்ட், அதயும் குறை சொல்லி எழுதினாங்க கேல். அந்த தைரியத்துக்கு சல்யூட், கருத்துக்கு இல்ல.

ப்ளூ வெல்வெட்ல மட்டும் தலைகீழ். கேல் ரசிச்சு ரசிச்சு எழுதியிருக்காங்க, ஈபர்ட் ஒரே ஒரு ஸ்டார். இசபெல்லா ரோஸலினிய அவ்ளோ அவமானமான காட்சில நடிக்க வச்சுட்டு டைரக்டர் அத ஜோக்கா மாத்திட்டாருன்னு அவருக்கு கோவம். நான் படத்த பாத்துட்டு ரெண்டு பேரயும் அடுத்தடுத்து படிச்சேன். படம் எனக்கு ரொம்பவே பிடிச்சுச்சு, அதனால கேல் கட்சி. ஆனா அந்த வீட்டு வாசல் காட்சில எனக்கு ஏன் நெளிஞ்சுச்சுங்கறத புரிய வச்சது ஈபர்ட் தான். ஒரு ஸ்டார் குடுத்த ஆளோட விமர்சனம் எனக்கு பிடிச்ச படத்த இன்னும் நல்லா புரிய வைக்குதுன்னா அந்த ஸ்டார எதுக்கு பாக்கணும்?

இன்னொரு விஷயத்துல ஈபர்ட் கை ஓங்கிடுது. க்ரவுண்ட்ஹாக் டேக்கு 1993ல மூணு ஸ்டார் குடுத்தவரு, 2005ல தன்னோட கிரேட் மூவீஸ் வரிசைல சேத்து, அப்ப கம்மியா எடை போட்டுட்டேன்னு வெளிப்படையா எழுதினாரு. 2003 கான்ஸ் திரைப்பட விழாவுல தி பிரவுன் பன்னிய அந்த விழா வரலாற்றுலயே மோசமான படம்னாரு, டைரக்டர் வின்சென்ட் காலோ பதிலுக்கு இவர் உடம்ப வச்சு திட்டினாரு, சண்ட நாறிப்போச்சு. அப்புறம் அரை மணி நேரத்துக்கு கிட்ட வெட்டி எடுத்துட்டு வந்தப்ப, அதே ஈபர்ட் போயி உக்காந்து பாத்து மூணு ஸ்டார் குடுத்தாரு. தன்ன திட்டின ஆளு படத்துக்கு! ரெண்டாவது தடவயே பாக்காத கேல்கிட்ட இது நடக்க வாய்ப்பே இல்ல.

அதுக்காக கேல தூக்கி போட முடியுமான்னா, முடியாதுங்க. ஈபர்ட் எழுதினத படிச்சா படம் பாக்கலாமா வேணாமான்னு தெரியும், கேல் எழுதினத படிச்சா அவங்களோட உக்காந்து சண்ட போடணும் போல இருக்கும், அதுவும் ஒரு சுகம். அதனால நான் இப்ப பண்றது இதான். பாக்குறதுக்கு முன்னாடி ஈபர்ட், அதுவும் ஸ்டார மறச்சுட்டு கடைசி ரெண்டு பாரா மட்டும், ஏன்னா நடுவுல கதைய நெறயா சொல்லிடுவாரு. பாத்து முடிச்சு ராத்திரி தூக்கம் வரலன்னா கேல். டைம்பாஸுக்கு என்ன பாக்கலாம்னு குழப்பமா இருந்தா ஈபர்ட் ரெண்டு ஸ்டார் போட்ட லிஸ்ட்ட எடுப்பேன், கிளாடியேட்டரும் டை ஹார்ட்டும் இருக்குற லிஸ்ட்டு அது, இதுவரைக்கும் ஏமாத்தல.

ரேஜிங் புல் மட்டும் இன்னும் பாக்கல. கேல் அதுக்கு எழுதினத முழுசா படிக்காம எடுத்து வச்சிருக்கேன், படம் பிடிச்சுப் போச்சுன்னா அன்னைக்கு ராத்திரி சண்டைக்கு ஆள் வேணும்ல.