குளியலறைக் கைப்பிடி: திருகிப் பொருத்துவதா, உறிஞ்சுப் பிடியா?

மூட்டுவாதம் உள்ள பெற்றோருக்காகக் குளியலறையில் கைப்பிடி வைக்க நினைக்கும் கோலாலம்பூர்க் குடும்பங்கள், சுவரில் திருகாணியால் முடுக்கப்படும் எஃகுக் கம்பிக்கும், துளையிடாமல் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுப் பிடிக்கும் இடையேதான் பெரும்பாலும் தயங்குகின்றன. வாடகை அடுக்குமாடி வீட்டில் ஓடுகளைத் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காதபோது இரண்டாவதே கைகொடுக்கும் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் உறிஞ்சுப் பிடி வழவழப்பான, விரிசலற்ற ஓட்டில் மட்டுமே நிற்கும். பழைய வீடுகளில் உள்ள சிறு சதுர ஓடுகளின் இடைவெளிக் கோட்டின் மேல் அதன் கிண்ணம் பட்டால், அந்தக் கோட்டின் வழியே காற்று கசிந்து, பிடி திடீரென்று கழன்றுவிடும். அதை அவ்வப்போது எடுத்துத் துடைத்து மீண்டும் ஒட்ட வேண்டும். அதன் நெம்புகோலை அழுத்த விரல்களில் வலுவும் வேண்டும். காலையில் விரல் மடக்க முடியாமல் அவதிப்படுபவருக்கு இது பெரும் சுமை. நிற்கையில் தடுமாறாதிருக்க அது உதவலாம். கழிப்பறை இருக்கையிலிருந்து எழுபவரின் முழு எடையை அதை நம்பி ஒப்படைக்கக் கூடாது. துண்டு மாட்டும் கம்பிக்கும் இதுவே பொருந்தும்.

செலவும் ஆள்கூலியும் கூடுதல் என்றாலும் என் தேர்வு திருகிய கம்பியே. சுவர் கெட்டிச் செங்கல்லா, உள்ளே வெற்றிடமுள்ள பலகையா என்று பார்த்து, அதற்கேற்ற திருகாணி போட்டால்தான் அது உடல் எடையைத் தாங்கும். ஏறக்குறைய 32 முதல் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள, சொரசொரப்பான கம்பி, இறுக மடங்காத விரல்களுக்கும் பிடிபடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கழிப்பறை இருக்கையின் பக்கச் சுவரில் அதை முதலில் பொருத்துங்கள்.