பழைய நானி ட்ராப்: பெயர்த்தெடுப்பதா, ஜாலியை மட்டும் மாற்றுவதா?

எங்கள் ஃப்ளாட் 1994-ல் கட்டியது, இரண்டாம் மாடி. குளியலறையைப் புதுப்பிக்க இறங்கியபோது டைல்ஸ், ஷவர், குழாய் எல்லாம் அரை நாளில் முடிவாகிவிட்டன. இழுத்தடித்தது மூலையில் கிடந்த வார்ப்பிரும்பு நானி ட்ராப் ஒன்றுதான்; அதாவது, தரைத் தண்ணீர் வெளியே போகும் வாயில் பதித்திருக்கும் கிண்ணம். அதன் உள்ளே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று சாக்கடை வாடையைத் தடுக்கும். அதை அப்படியே விட்டு, பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டி, மேலே மூடியிருக்கும் ஓட்டைத் தட்டான ஜாலியை மட்டும் மாற்றிவிடலாம் என்றார் கொத்தனார். பெயர்த்துவிட்டு பிவிசி ட்ராப் வைப்பதானால் மட்டும் கூப்பிடுங்கள் என்றார் பிளம்பர். பெயர்த்தோம். அதனால் நான் எந்தப் பக்கம் என்று ஒளிக்க ஒன்றுமில்லை.

விட்டுவைப்பதில் செலவும் தூசியும் குறைவு, வேலை இரண்டு மூன்று நாளில் முடியும். எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. அத்தனை நாளும் தோளில் துண்டோடு பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் குளிக்க நடந்தோம்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது ட்ராப்பின் வாய் விளிம்பு. டைல் மேல் டைல் ஒட்டினால் பசையும் சேர்ந்து தரை அரை அங்குலம் உயரும். ட்ராப் வாய் பழைய மட்டத்திலேயே நிற்கும். நடுவில் விழும் அந்த அரை அங்குல வளையத்தை ஒயிட் சிமெண்ட் வைத்துப் பூசுவார்கள். துருப்பிடித்த இரும்பில் சிமெண்ட் எத்தனை நாள் பிடித்து நிற்கும்? போதாததற்கு நம் வீடுகளில் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்க்கிற பழக்கம் வேறு. ஆசிட் சிமெண்டையும் அரிக்கும், இரும்பையும் அரிக்கும். குளிக்கிற தண்ணீர் மொத்தமும் அந்த விளிம்பைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. அங்கே நூல் அளவு இடைவெளி விட்டாலும் தண்ணீர் தரைக்கடியில் நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லியில் இறங்கிவிடும். மேலே நமக்கு ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்துக் கீழ் வீட்டுக் கூரையில்தான் தெரியும்.

எங்களுக்கு அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ட்ராப்பைச் சுற்றி ஓரடி கொத்தியதும் உள்ளேயிருந்து வந்த ஜல்லி கறுப்பாக, சொதசொதவென்று, சாக்கடை வாடையோடு இருந்தது. கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. கீழ் வீட்டு மாமி இரண்டு வருஷமாக "மேலேர்ந்து கசியறதுப்பா" என்று சொன்னபோதெல்லாம் மழைத் தண்ணீராக இருக்கும் மாமி என்று சமாளித்தவன் நான். விட்டுவைத்திருந்தால் அந்த ஈரத்தின் மேல்தான் புது டைல் ஒட்டியிருப்போம்.

பெயர்ப்பதிலும் ஆபத்து உண்டு. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அதிர்ச்சி பின்னால் ஈயம் ஊற்றிய ஜாயிண்ட் வரை போய், நன்றாக இருந்த பைப்பும் விரிசல் விடும். எங்கள் பிளம்பர் கட்டிங் மெஷினால் கீறித் துண்டு துண்டாக எடுத்தார். அதற்கும் முன்னால் ஒரு பழைய லுங்கியைச் சுருட்டி, கயிறு கட்டி, பைப் வாய்க்குள் திணித்துவிட்டார். இல்லையென்றால் உடைந்த சில்லெல்லாம் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். இரும்பும் பிவிசியும் சேரும் இடத்தில் பிவிசி பைப்பை ஒட்டுகிற சால்வெண்ட் பசை பிடிக்காது, ரப்பர் கப்ளிங் போட வேண்டும். அப்புறம் வாட்டர்புரூஃப் பூச்சை ட்ராப் வாய்க்குள்ளும் இறக்கிப் பூசச் சொல்லுங்கள். விளிம்போடு நிறுத்திவிட்டால் பெயர்த்த செலவு வீண். டைல் ஒட்டும் முன் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு நாள் விட்டோம். இறங்கவில்லை.

சரி, எல்லா வீட்டுக்கும் இதுவா? தரைத்தள வீடு, கீழே மண்தான் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஏற்கெனவே பிவிசி ட்ராப் இருந்து, உள்ளே 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்று, கீழே ஈரமும் இல்லையென்றால் ஜாலியை மாற்றுவதோடு நானும் நிறுத்தியிருப்பேன்.

புது ட்ராப்புக்கும் பராமரிப்பு உண்டு. வாரம் ஒருமுறை முடியை எடுக்க வேண்டும். கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பினால், உள்ளே நின்ற தண்ணீர் வற்றி வாடை அடிக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும்.

வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது. கீழ் வீட்டுக் கூரையில் கறை பரவவில்லை. பெயிண்ட் செலவை நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இன்னொரு மழை போகட்டும்ப்பா" என்கிறார் மாமி.