நாயை விமானத்தில் ஏற்றலாம் என்று அட்டை விற்கிறார்கள், வாங்காதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் யாராவது 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' (பக்கத்தில் இருந்து மனத்துக்கு ஆறுதல் தரும் விலங்கு) சான்றிதழுக்கு இணையத்தில் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிடுங்கள். அந்தச் சான்றிதழைக் காட்டினால் நாயை விமானத்துக்குள் விட்டாக வேண்டும் என்ற சட்டம் இப்போது இல்லை. 2021 ஜனவரி 11-ஆம் தேதியோடு அது போய்விட்டது. ஆனால் விற்பவர்கள் நிறுத்தவில்லை. என் தங்கைக்கும் விற்றார்கள்.

ஒரு கார் விபத்துக்குப் பிறகு அவளுக்குத் திடீர் திடீரென்று பதற்றம் வரும். மூச்சு வாங்கும், உள்ளங்கை சில்லிட்டுப் போகும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் அவளுக்குப் பெரிய துணை அவளுடைய நாய்தான். நன்கு வளர்ந்த நாய், இருக்கைக்கு அடியில் வைக்கும் பெட்டியில் அடங்காது. நாங்கள் இருவரும் நாட்டின் மறுகரைக்குப் போக வேண்டியிருந்தபோது, நாய் இல்லாமல் ஏற மாட்டேன் என்றாள். வழி தேடியபோது கண்ணில் பட்டது இந்தச் சான்றிதழ் விற்கும் ஒரு தளம். "தேசியப் பதிவேட்டில் பதிவு செய்கிறோம், எல்லா விமான நிறுவனங்களும் ஏற்கும்" என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 149 டாலர்.

பொட்டலம் வந்தது. உள்ளே நாயின் படம் போட்ட பிளாஸ்டிக் அட்டை. ஓரத்தில் அரசு முத்திரை போலவே சிறகு விரித்த கழுகு, பின்புறம் ஸ்கேன் செய்யும் கட்டம். ஒரு சிவப்பு மேலங்கி. அப்புறம் ஒரு மனநல ஆலோசகர் கையெழுத்திட்ட கடிதம். அந்த ஆலோசகர் என் தங்கையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இணையத்தில் அவள் நிரப்பிய கேள்வித்தாள் மட்டும்தான் அடிப்படை.

அமெரிக்காவில் அப்படி ஒரு தேசியப் பதிவேடே கிடையாது. குறைபாடு உள்ளவருக்கு உதவப் பழக்கப்பட்ட சர்வீஸ் நாய்களுக்கும் கிடையாது, எமோஷனல் சப்போர்ட் நாய்களுக்கும் கிடையாது. பதிவெண், அட்டை, அங்கி எல்லாமே கடைச் சரக்கு. எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் அவற்றால் ஓர் உரிமையும் வந்துவிடாது.

விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். அட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். "போக்குவரத்துத் துறையின் படிவம் இருக்கிறதா?" என்று கேட்டார். கடிதத்தை நீட்டினோம். "இதை நாங்கள் ஏற்பதில்லை" என்றார். செல்லப்பிராணியாக ஏற்றலாமா என்று கேட்டதற்கு, பெட்டியில் அடங்கும் அளவு இருந்தால்தான் முடியும் என்றார். சரக்குப் பகுதியிலும் பொதுப் பயணிகளின் நாய்களை அவர்கள் எடுப்பதில்லையாம். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ போய்ட்டு வா அக்கா, நான் வரலை" என்றாள். அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? இரண்டு பேருமே திரும்பிவிட்டோம்.

விமான நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் விதிப்படி நடந்துகொண்டார்கள். என் கோபமெல்லாம் அந்தத் தளத்தின் மேல்தான், அதிலும் அதற்குப் பிறகு அவர்கள் செய்த காரியத்தின் மேல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர்களுடைய சாட்டில் எழுதினேன். "சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டது, சேவை முடிந்தது" என்று பதில். முகப்பில் எழுதியிருந்ததைப் படமெடுத்து அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. மாறாக, இன்னொரு 199 டாலர் கட்டினால் நாயை 'சைக்கியாட்ரிக் சர்வீஸ் டாக்' (மனநோய்க்கான சர்வீஸ் நாய்) ஆக மாற்றித் தருகிறோம் என்றார்கள். அரசுப் படிவத்தில் பயிற்சி பற்றிய கேள்விக்கு என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே தருவார்களாம். பயிற்சியே பெறாத நாய்க்கு!

இங்கேதான் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் படிவம் அமெரிக்க மத்திய அரசின் போக்குவரத்துத் துறையுடையது. தெரிந்தே பொய்யான தகவல் கொடுத்தால் குற்றம் என்று அதிலேயே எச்சரித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவது பயணி. தளத்துக்காரன் எங்கோ உட்கார்ந்து 199 டாலரை வாங்கிக்கொண்டு போய்விடுவான், மாட்டுவது நாம். நம்மில் பலர் விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள். அரசுத் தாளில் பொய் எழுதுவது நமக்கெல்லாம் எவ்வளவு பெரிய ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான விதி இவ்வளவுதான். விமானத்தைப் பொறுத்தவரை சர்வீஸ் விலங்கு என்றால் நாய் மட்டும். உடல் அல்லது மனம் சார்ந்த குறைபாடு உள்ளவருக்காக ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். பதற்றம் தொடங்கும்போதே உணர்ந்து காலால் தட்டி எச்சரிப்பது, மடிமேல் படுத்து அழுத்தம் கொடுப்பது, மருந்துப் பையை எடுத்து வருவது இவையெல்லாம் வேலை. பக்கத்தில் இருந்தாலே ஆறுதல் என்பது எவ்வளவு உண்மையானாலும் விதிப்படி வேலை ஆகாது. மனநோய்க்கான சர்வீஸ் நாய்க்கும் பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்க்கும் ஒரே உரிமைதான். தொழில்முறைப் பயிற்சியாளரிடம்தான் பழக்க வேண்டும் என்றும் இல்லை, நாமே பழக்கலாம். ஆனால் உண்மையிலேயே பழக்கியிருக்க வேண்டும். படிவத்தைப் போக்குவரத்துத் துறையின் தளத்திலோ விமான நிறுவனத்தின் தளத்திலோ இலவசமாக எடுக்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி விவரம், கால்நடை மருத்துவர் பெயர், நாயின் நடத்தை எல்லாம் கேட்டிருப்பார்கள். முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லலாம். 8 மணி நேரமோ அதற்கு மேலோ பறக்கும் பயணத்துக்கு, நாய் அசுத்தம் செய்யாது என்று உறுதி சொல்லும் இன்னொரு படிவமும் கேட்கலாம். நம் ஊருக்கு வரும் நீண்ட விமானங்கள் இதில் சேரும்.

2021-க்கு முன்பு கடிதம் இருந்தால் போதும் என்ற நிலை இருந்தது உண்மை. அது எல்லை மீறிப் போனது. 2018-ல் நியூவார்க் விமான நிலையத்தில் ஒரு பயணி, எமோஷனல் சப்போர்ட் விலங்கு என்று சொல்லி மயிலோடு விமானம் ஏற வந்தார். பழக்கப்படாத நாய்கள் பயணிகளைக் கடித்தன, வழிகாட்டி நாய்கள்மேல் பாய்ந்தன. பார்வையற்றவர்களே புகார் சொன்னார்கள். போலி அங்கி மாட்டிய ஒவ்வொரு நாயும் உண்மையான உதவி நாயோடு வருபவரைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது. இதைச் சொல்லித்தான் தங்கையும் அந்த 199 டாலர் யோசனையை உடனே ஒதுக்கினாள்.

இந்த வியாபாரிகள் ஒரு குழப்பத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். வாடகை வீட்டுக்கான சட்டம் வேறு, விமானத்துக்கான சட்டம் வேறு. நாய் வளர்க்கக் கூடாது என்னும் வீட்டில் சிகிச்சை தருபவரின் கடிதம் உதவலாம். அதைச் சொல்லித் தொடங்கி, அடுத்த வரியில் விமானத்தையும் சேர்த்துவிடுவார்கள். கலிபோர்னியாவில் 2022 முதல், நாய்க்காக இப்படிக் கடிதம் தருபவர் குறைந்தது 30 நாட்களாவது அந்த நபரோடு தொடர்பில் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. "பத்தே நிமிடத்தில் கடிதம்" என்று கண்டால் அங்கேயே மூடிவிடுங்கள். கடிதம் தேவை என்றால் உங்களுக்குச் சிகிச்சை தருபவரிடமே கேளுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? தளத்தின் முகப்பையும் சாட்டில் நடந்த உரையாடலையும் முதலில் படமெடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். கிரெடிட் கார்டு வங்கியில் "சொன்ன பொருள் வேறு, தந்தது வேறு" என்று ஆட்சேபம் எழுப்புங்கள். மத்திய வர்த்தக ஆணையத்திலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நாங்கள் மூன்றையும் செய்துவிட்டோம். வங்கி எங்கள் 149 டாலரைத் தற்காலிகமாகத் திருப்பி வரவு வைத்திருக்கிறது, விசாரணை இன்னும் முடியவில்லை. டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான்.