பழைய காரின் சக்கர பேரிங்: உடனே மாற்றுவதா, கழுவிப் பார்த்து முடிவெடுப்பதா?

பழைய கார் கைக்கு வந்ததுமே சக்கரம் எளிதாகச் சுழல உதவும் பேரிங்குகள் அனைத்தையும் மாற்றிவிடுவோர் உண்டு. கழற்றிக் கழுவிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மாற்றுவோரும் உண்டு. வண்டி பல ஆண்டுகள் ஈரத்தில் அசையாமல் நின்றிருந்தால் முதல் வழியில் நியாயம் இருக்கிறது. ஆயினும், புதியது என்பதாலேயே ஒரு பேரிங் தரமானதாகிவிடாது. வெளி ரேஸை (ரோலர்கள் உருளும் வெளி வளையத்தை) தட்டி எடுக்கும்போது, அது பொருந்தியிருக்கும் சக்கர நடுப்பகுதியான ஹப்பின் உட்புறம் கீறப்பட்டால், நன்றாக இருந்த பொருத்தத்தை நாமே கெடுத்தவர்களாவோம்.

பல பழைய கார்களின் முன்சக்கரங்களில் உள்ள கூம்பு ரோலர் (கூம்பு வடிவ உருளைகள் கொண்ட) பேரிங்குக்கு இரண்டாம் வழியே மேல் என்பது என் உறுதியான கருத்து. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் ரோலர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். சீரான சாம்பல் மினுமினுப்பு கவலைக்குரியதல்ல. ஆனால் ரேஸின் மேல் விரல்நகத்தை ஓட்டும்போது தடுக்கும் குழியோ, ரோலர்களின் இடைவெளிக்கு ஒத்த துருக்கோடுகளோ, சூட்டினால் பாய்ந்த நீல நிறமோ தென்பட்டால், உள் ரேஸையும் வெளி ரேஸையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழுதில்லையெனில், பழைய கிரீஸை முழுவதும் நீக்கிப் புதியதை ரோலர்களுக்கிடையே அழுத்தி நிரப்பி, கிரீஸ் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை மட்டும் தவறாமல் புதிதாகப் போடலாம். நட்டை இறுக்கும்போது, அந்த வண்டியின் கையேடு சொல்லும் சிறு அசைவிடத்தை விட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் நல்ல பேரிங்கும் சூடேறிக் கெடும்.

மூடிய வகை பேரிங்கைக் கழுவிப் பார்க்க வழியில்லை. இடப்பக்கம் வளையும்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்கே காரணம்; அதை உடனே மாற்றுங்கள்.